‘தை’ என்று முடியும் சொற்கள்

உங்கள் மேசை மேல் கிடக்கிற அந்தப் புடவையை நான் கொஞ்சம் மடித்து வைக்கட்டுமா, மேடம்? பட்டு இப்படிச் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பேச்சு ஓடாது. காலமெல்லாம் புடவை மடித்த கை இது. சாட்சிப் பொருள், தொடக் கூடாது என்கிறீர்கள். சரி, தொடவில்லை. முந்தானையை மட்டும் உள்பக்கமாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். ஜரிகை மேல் வெயில் விழுகிறது.

பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் இருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு வெயில் பட்டால் ஒன்றும் ஆகாது.

என் பெயர் முனிரத்தினம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். இந்த ஸ்டேஷனுக்கு நான் குற்றவாளியாக வரவில்லை, என் சிநேகிதன் நமச்சிவாயத்துக்குத் துணையாகத்தான் வந்தேன். அவன் தொலைந்துபோன தன் பல்செட்டை அடையாளம் காட்ட வந்தவன். பல் இல்லாமல் அவன் பேசுவது யாருக்கும் புரியாது, எனக்குப் புரியும். நீங்களும் அவன் சொன்னதையெல்லாம் என்னைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டீர்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு உங்கள் ஏட்டு எழுதியதை உரக்கப் படித்தார். ‘மேற்படி பல்செட்டை யாரோ மேற்படி புடவைக்குள் தாறுமாறாகத் திணித்து வைத்துள்ளார்’ என்று படித்தார்.

அந்த இடத்தில்தான் நான் எழுந்து நின்றேன். திணிக்கவில்லை, மேடம். மடித்தேன். முந்தானையின் மூன்றாம் மடிப்புக்குள், ஜரிகை கனமாக இருக்கிற இடம் பார்த்து, நடுவில் பட்டர் பேப்பர் கொடுத்து மடித்தேன். கையில் எடுத்தவருக்கு எடை தெரியாது, தடவிப் பார்த்தவருக்கு மேடு தெரியாது. காஞ்சிபுரத்தில் வேறு ஒருவரை அப்படி மடிக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். என்னைத் திருடன் என்று எழுதுங்கள், பரவாயில்லை. தாறுமாறு என்று எழுதாதீர்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டுவிட்டு நமச்சிவாயத்தை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நல்லதுதான். அவன் இருந்தால் நடுவில் நடுவில் சிரிப்பான்.

காரணம் சொல்ல வேண்டுமானால் எங்கள் தெரு விளையாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கரையைத் தனியாக உடலோடு கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை ஒருவர் எறிந்தால் இன்னொருவர் பதிலுக்கு எறிய வேண்டும். மத்தியானம் சோறு தின்ற மயக்கத்தில் கண் சொக்கும். சொக்காமல் இருக்க நாடாவோடு ஒரு சொல்லையும் சேர்த்து எறிவார்கள். ‘டை’ என்று முடிகிற சொல் என்று வைத்துக்கொண்டால், இவர் வடை என்பார், அவர் குடை என்பார், இவர் பாடை என்பார். வாய் அடைத்துப்போனவர் சாயங்காலம் டீ வாங்கித் தர வேண்டும். தறிக்குள் நடந்த இந்த விளையாட்டு எப்போதோ வெளியே வந்து தெருப் போட்டியாகிவிட்டது. விஜயதசமி சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் மைக் கட்டி நடத்துகிறோம்.

விதிகள் எளிமையானவை. சின்னச் சொல்லாக இருக்க வேண்டும். சொல்லைச் சொன்னால் பொருளையும் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது. ஆனால் அதே சொல்லுக்கு வேறு பொருள் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். கோதை என்றால் மாலை என்று ஒருவர் சொன்னால், கோதை என்றால் ஆண்டாள் என்று அடுத்தவர் சொல்லலாம், தவறில்லை. நடுவர் ஏலவார்குழலி டீச்சர். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காதில் சொல் தெளிவாக விழ வேண்டும். விழாத சொல் கணக்கில் சேராது.

ஒவ்வொரு வருஷமும் நமச்சிவாயம்தான் ஜெயிப்பான். நான் அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கண் மங்கிப்போய் வருவேன். அவன் தறியை விட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவான். எனக்கு எப்போதும் இரண்டாம் பரிசு, ஓர் எவர்சில்வர் சொம்பு. வீட்டில் சொம்பு வைக்க இடமில்லை. என் மனைவி அம்சவேணி போன வருஷமே சொல்லிவிட்டாள். “இன்னாங்க, அடுத்த வாட்டி ரெண்டாம் பிரைசுக்கு குக்கர் குடுக்கச் சொல்லுங்க. இத்தினி சொம்ப வெச்சிக்கினு நான் இன்னா கும்பாபிஷேகமா பண்றது?” என்றாள். நான் முதல் பரிசு வாங்குவேன் என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை பாருங்கள்.

எனக்குப் பொறாமை கிடையாது. அதற்கு அத்தாட்சி, நானே முன்வந்து என் அப்பா துளசிங்கம் நினைவாக ஒரு சுழற்கேடயம் வாங்கிக் கொடுத்தேன். நல்ல தேக்குப் பலகை, நடுவில் பித்தளையில் அப்பாவின் முகம், கீழே பெயர். தொடர்ந்து மூன்று முறை வெல்பவர் கேடயத்தை நிரந்தரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்ற விதியை எழுதியதும் நான்தான். யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று கேட்காதீர்கள், மனிதனுக்கு ஆசை இருக்கக் கூடாதா. முதல் வருஷம் நமச்சிவாயம் வாங்கினான். இரண்டாம் வருஷமும் அவனே வாங்கினான். கேடயத்தைக் கொண்டுபோய்த் தன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல், பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் காபி குடிக்கப் போனால் அப்பா ஃபிரிட்ஜ் மேலிருந்து என்னைப் பார்ப்பார். ஃபிரிட்ஜ் உதறும்போது அவரும் உதறுவார். இந்த வருஷமும் அவன் ஜெயித்தால் அப்பா அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடுவார்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு டீக்கடைப் பலகையில் டீச்சர் அந்த வருஷத்து முடிவெழுத்தை எழுதிப் போடுவது வழக்கம். இந்த முறை ‘தை’ என்று எழுதினார்.

நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பழக ஆரம்பித்தேன். நல்ல எழுத்து அது. விதை என்றால் நடுவது. நடுவில் ஒரு ‘த்’ போட்டால் வித்தை, கற்பது. அதையே ‘ந்’ ஆக்கினால் விந்தை, வியப்பது. மெத்தையில் படுக்கலாம், கந்தையில் படுத்தாலும் தூக்கம் வரும். கதை விடலாம், உதை வாங்கலாம். தத்தை என்றால் கிளி, ஆந்தை பகலில் தூங்கும், நத்தை எப்போதும் தூங்குகிற மாதிரியே போகும். ஓர் எழுத்து முன்னே மாறினால் போதும், தத்தை போய் நத்தை வந்துவிடுகிறது. அப்படிச் சொல்லிக்கொண்டே போகும்போதுதான் கண்ணாடியில் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு முறை ‘தை’ என்னும்போதும் என் நாக்கு மேல்பல்லின் பின்பக்கத்தைப் போய்த் தட்டியது. பல் இல்லாவிட்டால் நாக்கு எதைத் தட்டும் என்று யோசித்தேன். பல்லுப் போனா சொல்லுப் போச்சு என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லியிருக்கிறார்கள்.

இந்த யோசனை தானாகத்தான் வந்தது. நான் கூப்பிடவில்லை.

நமச்சிவாயத்துக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டின பல். தறி அடிக்கிற அதிர்ச்சியில் அது வாய்க்குள் ஆடும். அதனால் தறியில் உட்காரும்போது கழற்றி ஜன்னலோரம் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பான். ஆயுத பூஜை அன்று எல்லாரும் நாடா, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். இவன் பல்செட்டையும் கழுவி, பொட்டு வைத்து, நாடாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவான். கேட்டால், “இதுவும் என் ஆயுதம் தான் பா. இத்த வெச்சித்தானே வருஷா வருஷம் ஜெயிக்கிறேன்” என்பான். என் முகத்துக்கு நேரே சொல்வான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொட மாட்டார்கள். அவன் வாய் அன்று முழுக்க விரதம், பொரியை ஊற வைத்துச் சாப்பிடுவான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குச் சுண்டல் வாங்கப் போனேன். அவன் விபூதித் தட்டு எடுக்க உள்ளே போனான். நான் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு பல்செட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். சந்தனம் குங்குமத்தோடுதான் எடுத்தேன், துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை அழிப்பது பாவம். அந்த இடம் காலியாக இருந்தால் அம்மனுக்குக் குறை என்று ஒரு சாமந்திப் பூவை வைத்தேன். சுண்டல் நன்றாக இருந்தது. தேங்காய் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்.

வீட்டில் வைக்க முடியாது. அம்சவேணி அரிசி டப்பாவுக்குள் இருக்கிற எறும்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கடைக்கு எடுத்துப் போனேன். எங்கள் கடையில் ஒரு புடவை இருந்தது. இதோ, இதுதான். முதலாளி ஒரு முறை ராஜஸ்தான் டூர் போய் வந்து ஆசைப்பட்டு நெய்யச் சொன்னது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை, முந்தானை முழுக்க ஒட்டகம். ஒட்டகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைக்கு வருகிற பெண்கள் அதைப் பார்த்ததும் ஒரு தடவை சிரித்துவிட்டு அடுத்ததைக் காட்டு என்பார்கள். வருஷக்கணக்கில் அது போணியாகவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பொருளைப் பத்திரமாக வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. போட்டி முடிந்த மறுநாள் எடுத்து, தறிக்குழியில் விழுந்து கிடந்தது என்று சொல்லி அவனிடம் கொடுத்துவிடுவதாகத்தான் திட்டம். ஒரே ஒரு நாள் கடன் வாங்கியதைத் திருட்டு என்பீர்களா, சொல்லுங்கள்.

விஜயதசமி காலையில் நான் லீவு போட்டுவிட்டேன், பழக வேண்டியிருந்தது. நமச்சிவாயம் தெருவெல்லாம் தேடினான். தறிக்குழி, மாடப்பிறை, கழிவுநீர்க் கால்வாய், எலி வளை, எதையும் விடவில்லை. நானும் கூடத் தேடினேன். டார்ச் லைட் என்னுடையது.

சாயங்காலம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தான். டீச்சர் பார்த்துவிட்டு, “நமச்சிவாயத்துக்குப் பல்லு கெடைக்கட்டும், அடுத்த வாரம் வெச்சிக்கலாம் பா” என்றார். கூட்டமும் சரி என்றது. விஜயதசமி வருஷத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது டீச்சர், பல்லுக்காக அதை மாற்ற முடியுமா என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதானே. நமச்சிவாயமும் கையைக் காட்டி ஆடலாம் என்றுவிட்டான். அவனுக்கு எப்போதும் அந்தத் திமிர் உண்டு.

நான் விதையில் ஆரம்பித்தேன். அவன் நத்தை என்றான். பஞ்சரான டியூபிலிருந்து காற்று போகிற சத்தம்தான் வந்தது. கூட்டம் சிரித்தது. டீச்சர் காதை நீட்டி, “இன்னா பா சொன்ன?” என்றார். அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் தவழ ஆரம்பித்தான். மெல்ல மெல்லத் தவழ்ந்து, தலைக்கு மேல் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி நீட்டினான். நத்தை, நத்தை என்று பிள்ளைகள் கத்தினார்கள். டீச்சர் மதிப்பெண் போட்டுவிட்டார்.

நான் வித்தை என்றேன். அவன் கண்ணை உருட்டி ஆந்தை ஆனான். நான் மேதை என்றேன். அவன் ஒலிபெருக்கிக் கம்பத்தை ஓங்கி ஓர் உதை விட்டான், உதை என்றார்கள். நான் வாதை என்றேன், துன்பம் என்று பொருளும் சொன்னேன், ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் தள்ளாடிக்கொண்டு வந்து என் தோளிலேயே சாய்ந்தான். போதை என்று தெருவே கத்தியது. பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்சவேணியும் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பல்லைப் பிடுங்கியும் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான், மேடம். தந்தை என்ற சொல் முன்பே போய்விட்டது, அதனால் நான் தாதை என்றேன். தாதை என்றாலும் தந்தைதான், பழைய சொல். சொல்லும்போது மேசை மேல் இருந்த கேடயத்தைக் கையால் காட்டினேன். கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. நமச்சிவாயமும் சிரிப்பை விட்டுவிட்டான். அவன் ஒரு சொல் சொன்னான், எனக்கு மட்டும் புரிந்தது. எந்தை. எந்தை என்றால் என் அப்பா. அவன் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு கேடயத்தில் இருந்த என் அப்பாவைக் காட்டினான். சின்ன வயதில் அவனுக்குத் தறி கற்றுக்கொடுத்தவர் என் அப்பாதான். டீச்சருக்குப் புரியவில்லை. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் காற்றுதான் வந்தது.

நான் எழுந்து, இது சொல் போட்டியா, தெருக்கூத்தா என்று கேட்டேன். சொல் காதில் விழ வேண்டும் என்பது விதி. விழாத சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது. டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் விதியை மீறுகிறவர் இல்லை. “முனிரத்தினம் சொல்றது சட்டப்படி சரி” என்றார். சட்டப்படி என்பதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று தெரியவில்லை.

நமச்சிவாயமே கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். வாய்க்குள் ஏதோ சொன்னான். “உன் நைனா உன் வூட்டுக்கே வந்துட்டாரு பா” என்று சொன்னான். கட்டிப் பிடித்தான். அழுதது அவன்தான். நான் கேடயம் கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதில் கவனமாக இருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஒட்டகப் புடவை இருந்த அலமாரி காலியாக இருந்தது. எங்கள் கடைப் பையன்களில் மூத்தவன் பழனி ஓடி வந்து என் கையைக் குலுக்கினான். “அண்ணே, ஒட்டகத்த வித்துட்டேன் அண்ணே. மொதலாளி எனக்குத் தனியா ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாரு” என்றான். தென்னேரியிலிருந்து காந்தா என்ற அம்மாள் மகள் அபிநயாவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார். அம்மாள் மயில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண், “எல்லாரும் மயிலு, அன்னம்னு கட்றாங்கமா. இந்த கேமல் டிசைன் யாருகிட்டயும் இல்ல, செம்ம யூனிக்கா இருக்குது” என்று மேல்மடிப்பில் தெரிந்த ஒட்டகத்தைப் பார்த்தே, முந்தானையைப் பிரிக்கக்கூட விடாமல் பிடித்த பிடியில் நின்றுவிட்டாளாம். வாங்கின கையோடு காமாட்சியம்மன் பாதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மன் பாதத்தில் வைத்த முகூர்த்தப் புடவையை முகூர்த்தம் வரைக்கும் பிரிக்கக் கூடாது என்று எங்கள் கடையில் எல்லாரிடமும் சொல்வோம். ரவிக்கைத் துணியை மட்டும் முந்தானை கலையாமல் உள்முனையிலிருந்து முன்பே வெட்டிக் கொடுத்துவிடுவோம். இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். நான் சேர்ந்த புதிதில் நானாகச் சொல்ல ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் ஒரு சித்தி நிறம் சரியில்லை என்பாள், புடவை திரும்பி வரும். கல்யாணம் ஆன புடவையை யாரும் திருப்புவதில்லை. இப்போது ஊரில் பாதிப் பேர் அதைத் தங்கள் பாட்டன் காலத்து வழக்கம் என்கிறார்கள். நானே உண்டாக்கிய வழக்கத்தை நானே மீறச் சொல்வது மரியாதையா?

அந்த அம்மாள் போன் நம்பர் பில்லில் இருந்தது. உண்மைதான். கல்யாணம் ஐப்பசியில், நடுவில் நாட்கள் இருந்தன. அதுவும் உண்மைதான். போன் செய்து, அம்மா, உங்கள் புடவைக்குள் ஒரு பல் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? யாருடைய பல் என்று கேட்பார்கள். சொன்னால் கேடயம் திரும்பிப் போகும். அப்பா மறுபடியும் ஃபிரிட்ஜ் மேல் ஏற வேண்டும். இத்தனைக்கும் நான் சும்மா இருந்துவிடவில்லை. நமச்சிவாயத்தால் எதையும் மெல்ல முடியவில்லை என்று தினமும் மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். “உன்ன மாதிரி யாருடா பாத்துக்குவாங்க” என்று அவன் கண் கலங்குவான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புடவை விற்ற கடை என்று கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்தார்கள். நானும் பழனியும் போனோம். தாம்பூலத் தட்டில் புடவையை வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்தபோது தட்டு என் கைக்கும் வந்தது. என் மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தேன். எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுக்க வேண்டுமானால் அத்தனை பேர் முன்னால் முந்தானையைப் பிரிக்க வேண்டும். சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

புடவை மணப்பெண் அறைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அலங்காரம் செய்ய வந்த பார்லர் பெண் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பின்னாலேயே காந்தா அம்மாள் தட்டோடு வந்தார். தட்டில் நமச்சிவாயத்தின் மேல்வரிசை, குங்குமம் காய்ந்து சிவப்பாக இருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா அதைப் பார்த்ததும், “ஐயையோ, செய்வினை வெச்சிக்கிறாங்கடி, பல்லுல ரத்தம்” என்று தலையில் அடித்துக்கொண்டார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு முதலில் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இது என்னவென்று போலீசில் தெரிந்த பிறகுதான் தாலி என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். பொங்கல் ஆறிவிடும் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அபிநயா பாதி மேக்கப்பில் மேடைக்கு வந்து, “அது டென்ச்சர்மா. வெறும் பிளாஸ்டிக். இதுக்குப் போயி கல்யாணத்த நிறுத்துவாங்களா?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அந்தப் பெண் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டில் கவனம் போகவில்லை. வடை மட்டும் சாப்பிட்டேன்.

யார் எடுத்துக் கொடுத்த புடவை என்று கேட்டார்கள். பழனி காலையிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தான், நேராக அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவனை நீங்கள் கூட்டி வந்தபோது ஜீப்பிலிருந்து, “அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே” என்றான். எதைச் சொல்வது என்று அவன் தெளிவாகச் சொல்லவில்லை.

அந்தப் பல்லை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் ‘செய்வினைப் பல், உஷார்’ என்று போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி நமச்சிவாயத்துக்கே வந்தது. ஓட்டமாக ஓடி வந்து போனைக் காட்டினான். பல் கிடைத்த சந்தோஷத்தில் என்னைத் தூக்கியே விட்டான். ஸ்டேஷனுக்குத் துணைக்கு வா என்றான், வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. நான் சொன்னதை எழுதிவிட்டீர்களானால் பழனியை விட்டுவிடுங்கள், தீபாவளி நெருங்குகிறது, கடையில் ஆள் இல்லை. இது செய்வினை இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறிவிடும். புடவையை நானே இஸ்திரி போட்டு மடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

அவனை உள்ளே கூப்பிட்டுக் காரணத்தையும் சொல்லத்தான் வேண்டுமா? சரி, கூப்பிடுங்கள்.

பார்த்தீர்களா, கேட்டுவிட்டு முதலில் சிரிக்கிறான். இப்போது உட்கார்ந்துவிட்டான். என்ன சொல்கிறான் என்று உங்களுக்குப் புரியவில்லை, நானே சொல்கிறேன். “புகாரெல்லாம் வேணாம் மா. கேட்டிருந்தா கேடயத்த நானே குடுத்திருப்பேனே. இதுக்கா இம்மாம் நாளு ரசம் ஊத்துன?” என்கிறான். அழுகிறான், மேடம். அவன் சுபாவம் அப்படி. சின்ன விஷயத்துக்கும் மனசு விட்டுவிடுவான்.

என்மேல் வருத்தம் எதுவும் இல்லாதவனாகத்தான் தெரிகிறான். எனக்கும் அவன்மேல் எதுவும் இல்லை. கேடயம் இப்போது என் வீட்டில் இருக்கிறது, டிவிக்கு மேலே. ஆனால் நான் ஜெயித்தது ஒரு வருஷம்தான். விதிப்படி இன்னும் இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்தால்தான் அப்பா நிரந்தரமாக என்னிடம் இருப்பார். விதி விதிதான், அதை எழுதியவனே மீற முடியுமா. அடுத்த வருஷம் எந்த எழுத்து வரும் என்பது டீச்சருக்குத்தான் தெரியும்.

இந்தப் பழைய பல்லை இனி போட மாட்டான். ஓசூரில் வேலை பார்க்கிற அவன் மகன் தாடை எலும்பிலேயே திருகி வைக்கிற பல் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டாமாம், ஆயுசுக்கும் அப்படியே நிற்குமாம். சிநேகிதனுக்கு நல்லது நடக்கிறதே என்று அந்தப் பல் டாக்டரை நானே போய்ப் பார்த்து விவரம் கேட்டேன். கழற்றவே முடியாதா டாக்டர் என்றேன். அதற்கென்று விரல் நீளத்தில் ஒரு ஸ்பேனர் இருக்கிறதாம், மயக்க ஊசி போட்டால் வலியே தெரியாதாம். அவனுக்கு வலிக்கக் கூடாது பாருங்கள், அதனால் ஊசியின் விலையையும் சேர்த்துக் கேட்டுவைத்திருக்கிறேன்.